தொடாமலே வாசிக்கணும்! – தெரமின் பழகுவது எப்படி?

போன இதழில் பறை பற்றி எட்டாம் வகுப்புக்காரர்கள் எழுதி, படமும் வரைந்து அசத்தியிருந்தார்கள். இந்த இதழுக்கு நான் எடுத்துக்கொண்டது கையே படாமல் வாசிக்கிற ஒரு வாத்தியம். அதன் பெயர் தெரமின். ஊத வேண்டாம், தட்ட வேண்டாம், மீட்ட வேண்டாம். கையைக் காற்றில் நிறுத்தினால் பாடும். கதை விடுறேன்னு நினைக்காதீங்க. இது 1920-லேயே வந்துவிட்ட வாத்தியம். அறிவியல் சார் கம்ப்யூட்டர் லேப்பில் வீடியோ போட்டுக் காட்டினார். ஒரு அம்மா வெறும் காற்றைக் கிள்ளிக் கிள்ளி எடுக்கிற மாதிரி கையை அசைக்கிறார், வயலின் மாதிரி சத்தம் வருகிறது. அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

பக்கத்தில் நான் ஸ்கெட்ச்சில் வரைந்திருக்கும் படத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு மரப்பெட்டி. வாசிப்பவரின் வலது கைப் பக்கம் நேராக நிற்கிற ஒரு கம்பி. இடது கைப் பக்கம் படுத்த வாக்கில் ஒரு கம்பி வளையம். வலது கை கம்பிக்குக் கிட்டே போகப் போக சுருதி ஏறும், விலக விலக இறங்கும். இடது கை வளையத்துக்கு மேலே இருக்கும். அதைத் தூக்கினால் சத்தம் கூடும், இறக்கினால் குறையும். வளையத்துக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டுபோனால் சத்தம் நின்றே போகும். வாத்தியம் என்றால் இவ்வளவுதான், வேறு ஒன்றுமே கிடையாது.

இதைக் கண்டுபிடித்தவர் ரஷ்யாவைச் சேர்ந்த லெவ் தெர்மென். 1896-ல் பிறந்தவர். இயற்பியல் படித்தவர், செல்லோவும் வாசிப்பார். (செல்லோ என்பது வயலின் மாதிரியே இருக்கும், ஆனால் பெரிசு. உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவில் வைத்து வாசிப்பார்கள்.) பெட்ரோகிராடு நகரத்தில், இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்கிறோமே அங்கே, ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். வாயுக்களின் தன்மையை அளக்க ஒரு மின்கருவி செய்துகொண்டிருந்தார். அதிலிருந்து வந்த சத்தம் அவருடைய கை பக்கத்தில் போனால் ஏறியது, எடுத்தால் இறங்கியது. வேறு ஒருவராக இருந்தால் "என்னடா இது தொல்லை, கை பட்டாலே அளவு மாறுதே" என்று கருவிக்கு ஒரு மூடி போட்டிருப்பார். இவர் செல்லோக்காரர் ஆச்சே! அந்தச் சத்தத்தில் ஒரு பாட்டு வருமா என்று பார்த்தார். வந்தது. 1922-ல் மாஸ்கோவில் லெனின் முன்னால் வாசித்துக் காட்டினார். 1927 கடைசியில் அமெரிக்கா போனார், 1928-ல் அங்கே காப்புரிமையும் வாங்கினார். தெர்மென் என்ற பெயர் தெரமின் ஆகி, வாத்தியத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது.

சரி, தொடாமல் எப்படிச் சத்தம் வருகிறது? இதைப் புரிந்துகொண்டால்தான் பழகுகிற விதமும் புரியும். அதனால் ஒரு இரண்டு நிமிடம் பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டு உலோகத் தகடுகளைத் தொடாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது ஒரு மின்தேக்கி. ரேடியோ கடையில் கண்டென்சர் என்பார்கள். தகடுகளை நெருக்கினால் அதன் அளவு கூடும், விலக்கினால் குறையும். தெரமினில் அந்தக் கம்பி ஒரு தகடு. இன்னொரு தகடு யார் தெரியுமா? நாம்தான்! நம் உடம்பில் உப்பும் தண்ணீரும் இருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். அதனால் நம் கையே ஒரு தகடாகிவிடுகிறது. வாத்தியத்தின் ஒரு பாதி பெட்டிக்குள் இருக்கிறது, மறுபாதி வாசிக்கிறவர். ஷாக் எல்லாம் அடிக்காது, பயப்பட வேண்டாம்.

பெட்டிக்குள் இரண்டு அலையியற்றிகள் இருக்கின்றன. இரண்டும் நம் காதுக்குக் கேட்காத வேகத்தில் அதிர்கின்றன. நமக்கு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும் என்று ஒலி பாடத்தில் படித்தோம் இல்லையா? இவையோ லட்சக்கணக்கில். கணக்குக்காக ஒன்று 3,00,000 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அது மாறவே மாறாது. இன்னொன்று கம்பியோடு சேர்ந்தது. கை தூரத்தில் இருக்கும்போது அதுவும் 3,00,000. வித்தியாசம் 0, அதனால் சத்தம் இல்லை. கையைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோங்கள். இரண்டாவது 2,99,780 ஆகக் குறைகிறது. வித்தியாசம் 220. இந்த வித்தியாசம்தான் ஸ்பீக்கரில் 220 ஹெர்ட்ஸ் சுரமாகக் கேட்கிறது! இன்னும் கிட்டே போய் 2,99,560 ஆனால் 440, அதாவது அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே.

இந்தக் கணக்கை நோட்டில் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 3,00,000-ல் 220 என்பது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தத் துளி மாற்றத்துக்கே பூஜ்யத்திலிருந்து ஒரு முழுச் சுரம் கிளம்பிவிடுகிறது. அப்படியென்றால் கை ஒரு நூல் நகர்ந்தாலும் சுருதி போய்விடும் என்றுதானே அர்த்தம்? ஆமாம், இதில்தான் கஷ்டமே இருக்கிறது.

1929-ல் அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. என்ற ரேடியோ கம்பெனி இந்தப் பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்தது. ஒரு பாட்டை முணுமுணுக்கத் தெரிந்தால் போதும், யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள். சுமார் 500 பெட்டிகள்தான் செய்தார்கள். அந்த வருஷக் கடைசியில் அமெரிக்காவில் பங்குச்சந்தை விழுந்து எல்லோரிடமும் பணத்தட்டுப்பாடு வந்தது ஒரு காரணம். வாங்கிப் போனவர்களுக்கு வாசிக்க வரவில்லை என்பது இன்னொரு காரணம். என்னைக் கேட்டால் அந்த விளம்பரத்தைத்தான் குறை சொல்வேன். தொடவே வேண்டாம் என்றால் சுலபம் என்று எல்லோரும் நினைப்பார்கள். உண்மை நேர் எதிர்.

நமக்குத் தெரிந்த வாத்தியங்களை வரிசையாக யோசியுங்களேன். ஆர்மோனியத்தில் கட்டை இருக்கிறது, அமுக்கினால் அந்தச் சுரம்தான் வரும். புல்லாங்குழலிலும் நாதஸ்வரத்திலும் துளை இருக்கிறது. வீணையில் மெட்டு இருக்கிறது. வயலினில் மெட்டு கிடையாது, ஆனாலும் விரலுக்கு அடியில் தந்தி இருக்கிறது. பழகப் பழக இந்த இடம்தான் என்று விரலுக்கே தெரிந்துவிடும். தெரமினில் விரல் வைக்க ஒரு இடமும் இல்லை. இருட்டில் சுவரைத் தொடாமல் நடக்கிற மாதிரி. "இங்கே வை" என்று சொல்ல காது மட்டும்தான் இருக்கிறது.

இனி, புதிதாகப் பழகுகிறவர் என்ன செய்யணும் என்று பார்ப்போம்.

முதல் வேலை நிற்கப் பழகுவது. சிரிக்காதீங்க, நிஜமாகத்தான். கை மட்டுமல்ல, முழு உடம்பும் மின்தேக்கியின் தகடு. தலையை ஆட்டினால் சுருதி ஆடும். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றினால் ஆடும். யாராவது பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாலும் ஆடும். கால்களைக் கொஞ்சம் அகட்டி, ஒரே இடத்தில், தினமும் அதே தூரத்தில் நிற்கணும். பிரேயரில் அஞ்சு நிமிஷம் ஆடாமல் நிற்பதற்கே நாம் படுகிற பாடு எல்லோருக்கும் தெரியும்!

அடுத்து, பெட்டியைச் சுருதிப்படுத்தணும். சுவிட்ச் போட்டதும் வாசிக்கக் கூடாது. உள்ளே இருக்கும் பாகங்கள் சூடேறும் வரை அலையெண் நகர்ந்துகொண்டே இருக்கும், அதனால் கொஞ்ச நேரம் விடணும். பிறகு தன் இடத்தில் நின்று வலது கையைத் தோள் பக்கமாக மடக்கி வைத்துக்கொண்டு, ஒரு குமிழைத் திருப்பணும். சத்தம் கீழே கீழே போய் உறுமல் மாதிரி ஆகி, நின்றுவிடும். அதுதான் இரண்டு அலையும் சமமாகிற பூஜ்ய இடம். அதைத் தாண்டித் திருப்பிவிட்டால் எல்லாம் தலைகீழ். கை கிட்டே போனால் சுருதி இறங்கும், விலகினால் ஏறும்! பூஜ்யம் தோள் பக்கத்தில் விழுந்தால்தான் தோளுக்கும் கம்பிக்கும் நடுவில் இருக்கிற காற்று முழுவதும் வாசிக்கக் கிடைக்கும்.

அப்புறம் ஒரே ஒரு சுரம். சுருதிப்பெட்டி மாதிரி ஏதாவது ஒரு சத்தத்தை விடாமல் ஒலிக்கவிட்டு, கையை மெதுவாக நகர்த்தி அதே சுரத்தில் கொண்டுபோய் நிறுத்தணும். நிறுத்தி, அங்கேயே இருக்கணும். கிட்டத்தட்ட சேர்ந்து, ஆனால் முழுசாகச் சேராமல் இருக்கும்போது சத்தம் "வ்வ்வாங், வ்வ்வாங்" என்று ஏறி இறங்கும். இயற்பியலில் இதற்கு விம்மல்கள் என்று பெயர். ஒரு சத்தம் 220, இன்னொன்று 223 என்றால் வினாடிக்கு 3 விம்மல். நெருங்க நெருங்க விம்மல் மெதுவாகும், சேர்ந்த நிமிஷம் காணாமல் போகும். பெட்டிக்குள் நடக்கிற அதே கழித்தல் கணக்குதான் இங்கே காதுக்கும் நடக்கிறது. இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

இதைப் பெட்டி இல்லாமலே நாமும் பார்க்கலாம். காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்து ஆரம்பிக்கும்போது முதல் வரியைக் கவனியுங்கள். பையன்கள் வரிசை ஒரு சுருதி, நம் வரிசை ஒரு சுருதி. இரண்டாவது மூன்றாவது வரிக்குள் யாரும் சொல்லாமலே சேர்ந்துவிடும். எந்தக் கட்டையைப் பார்த்துச் சேர்ந்தோம்? காதால் கேட்டு, தொண்டையைத் துளித்துளியாக மாற்றிக்கொண்டோம். தெரமின்காரர் தொண்டைக்குப் பதிலாகக் கையை மாற்றுகிறார், அவ்வளவுதான்.

ஒரு சுரம் நின்ற பிறகு இரண்டு சுரம். அப்புறம் மூன்று. வேகமான பாட்டெல்லாம் கிட்டேயே போகக் கூடாது, தாலாட்டு மாதிரி மெதுவாக நகர்கிற பாட்டுதான் ஆரம்பத்துக்கு நல்லது. கையை முழுசாக நகர்த்தினால் சுரத்துக்குச் சுரம் "ஊய்ய்ங்" என்று இழுத்துக்கொண்டே போகும். அதனால் கையை ஒரு இடத்தில் வைத்துக்கொண்டு விரல்களை மட்டும் விரிப்பார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்திருக்க, மற்ற விரல்கள் மடங்கியிருந்தால் ஒரு சுரம். கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பியை நோக்கி நீட்ட நீட்ட மேல் சுரங்கள். ஜெர்மனியைச் சேர்ந்த கரோலினா ஐக் என்பவர் இப்படி ஒரு ஸ்தாயிக்குள் 8 விரல் நிலைகளை வகுத்து 2006-ல் பாடப் புத்தகமே எழுதினார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் லிடியா கவீனா. தெர்மெனின் சொந்தக்காரப் பெண் அவர், தெர்மெனிடமே 9 வயதில் பழக ஆரம்பித்தவர். நம் நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் வயசு!

இன்னொரு எச்சரிக்கை. சுருதி சேராதபோது புதியவர்கள் கையை வேகமாக நடுங்க வைப்பார்கள். நடுங்கினால் சுரம் மேலும் கீழும் அலையும், தப்பு வெளியே தெரியாது. கேட்க அழகாகக்கூட இருக்கும். ஆனால் ஆரம்பத்திலேயே இதைப் பழகிக்கொண்டால் சரியான இடம் எது என்று காதுக்குத் தெரியாமலே போய்விடும். நேராக நிற்கிற சுரம் வந்த பிறகுதான் அசைவு.

இடது கையை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அது வயலின் வில் மாதிரி. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது இடது கை லேசாக இறங்கி, அந்த "ஊய்ங்" கேட்காமல் மறைத்து, மறுபடி எழும். ஆரம்பிக்கும்போதும் இடது கை கீழேயே இருக்கணும், வலது கை இடத்துக்கு வந்த பிறகுதான் தூக்கணும். இரண்டு கையும் இரண்டு வேலை செய்வது கஷ்டமாக இருந்தால் முதலில் வலது கையை மட்டும் பழகலாம். ஜப்பானில் மசாமி தகேஉச்சி என்பவர் ரஷ்ய மரப்பொம்மைக்குள்ளேயே தெரமினை வைத்து மாத்ரியோமின் என்று செய்திருக்கிறார். அதில் இடது கை வளையமே இல்லை, சுருதி மட்டும்தான். 2013-ல் ஜப்பானில் 270 பேருக்கு மேல் ஒரே இடத்தில் நின்று இதை வாசித்தார்கள்.

வீடியோவில் காற்றைக் கிள்ளிய அம்மா என்று முதலில் சொன்னேனே, அவர் பெயர் கிளாரா ராக்மோர். 1911-ல் வில்னியஸ் நகரத்தில் பிறந்தவர். ரொம்பச் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே வயலினில் பெரிய கெட்டிக்காரி. பெரியவர்கள் படிக்கிற இசைக் கல்லூரியில் இவரை அந்த வயசிலேயே சேர்த்துக்கொண்டார்கள். 1920-களில் குடும்பம் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. ஆனால் சின்ன வயசில் சரியான சாப்பாடு கிடைக்காததால் எலும்புகள் பலவீனமாகி, வில் பிடிக்கிற கையில் வலி வந்துவிட்டது. வயலினை விட வேண்டியதாகிவிட்டது. அவ்வளவு நாள் பழகியது எல்லாம் போச்சு என்று நமக்குத் தோன்றும். ஆனால் கைதானே போனது, காது அப்படியே இருந்தது! தெர்மெனின் பெட்டிக்கு வில்லும் வேண்டாம், அழுத்தமும் வேண்டாம். விரலை விரித்து வாசிக்கிற முறையை யோசித்துக் கண்டுபிடித்தவர் இவர்தான். பெட்டியில் இது போதாது, அது போதாது என்று தெர்மெனிடமே கேட்டு, மூன்று ஸ்தாயி இருந்ததை ஐந்தாக மாற்றிச் செய்ய வைத்தார். 1934-ல் நியூயார்க்கில் பெரிய கச்சேரி. 1977-ல் இசைத்தட்டு, பியானோ வாசித்தது அவருடைய அக்கா நாத்யா ரைசன்பர்க். மற்றவர்கள் தெரமினைப் படங்களில் பயமுறுத்தவும் வேற்றுக்கிரக ஆள் வருகிற காட்சிக்கும் பயன்படுத்தினார்கள். இவர் அந்தப் பக்கம் போகாமல் வயலினுக்கு எழுதிய பாட்டுகளை வாசித்தார். 1998-ல் காலமானார்.

கண்டுபிடித்த தெர்மென் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அது சோகக் கதை. 1938-ல் சோவியத் நாட்டுக்குத் திரும்பினார், 1939-ல் கைதானார். முகாமில் கஷ்டப்பட்டார், பிறகு கைதிகளை வைத்தே நடத்திய ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. 1945-ல் சோவியத் பள்ளிப் பிள்ளைகள் அமெரிக்கத் தூதருக்கு ஒரு மரச் சின்னம் பரிசு கொடுத்தார்கள். அதற்குள் பேட்டரியே இல்லாத ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது! 1952-ல்தான் கண்டுபிடித்தார்கள். அதைச் செய்தவரும் தெர்மென்தான். 1991-ல், 90 வயசைத் தாண்டிய பிறகு, மறுபடி அமெரிக்கா போய் கிளாராவைப் பார்த்தார். 1993-ல் இறந்தார்.

இப்போது முக்கியமான விஷயம். தெரமின் நம்மிடம் இல்லை. ஆனால் அதன் தத்துவத்தைப் பழைய ரேடியோவில் கேட்கலாம் என்று சார் சொன்னார். நானும் பக்கத்து வீட்டு அக்காவும் செய்து பார்த்தோம். குமிழைத் திருப்பினால் முள் நகர்கிற பழைய ரேடியோ இரண்டு வேண்டும், மீடியம் வேவ் இருக்கணும். இரண்டும் பேட்டரியில் ஓடணும். கரண்ட்டில் சொருகிய ரேடியோவைத் திறக்கவே கூடாது. ஒன்றில் 1200 பக்கத்தில் ஏதாவது ஒரு நிலையத்தை வையுங்கள். இன்னொன்றை அதன் பக்கத்தில் ஒட்டி வைத்து, சத்தத்தைக் குறைத்துவிட்டு, முள்ளை 745 பக்கம் மெதுவாக நகர்த்துங்கள். முதல் ரேடியோவில் "கீ......" என்று ஒரு விசில் வரும். இறங்கி, உறுமி, நின்று, மறுபடி ஏறும்.

ஏன் 745? இந்த ரேடியோக்கள் முள் காட்டும் எண்ணைவிட 455 அதிகமான ஒரு அலையைத் தங்களுக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்கின்றன. 745-ம் 455-ம் கூட்டினால் 1200. அது கொஞ்சம் வெளியே கசிந்து, நிலையத்தின் அலையோடு மோதுகிறது. வித்தியாசம் விசிலாகிறது. வேறு எண்ணில் நிலையம் கிடைத்தால் அதிலிருந்து 455-ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

விசில் இறங்கி நிற்கிற இடத்தில் முள்ளை விட்டுவிட்டு, இரண்டாவது ரேடியோவின் பின்மூடியைக் கழற்றி, முள்ளை நகர்த்துகிற கேங் கண்டென்சருக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனோம். தொடவில்லை. விசில் ஏறியது! எடுத்தால் இறங்கியது. அந்த அக்கா எதிர்ப்பக்கம் நின்று ஆர்மோனியம் மாதிரி "ஆ......" என்று பிடித்தார், நான் விரலை நகர்த்தி அவர் குரலில் சேர்க்கப் பார்த்தேன். மூச்சு விட்டாலே நழுவியது. பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு ஒரு தடவை, "வ்வாங் வ்வாங்" மெதுவாகி மெதுவாகி நின்றது. மூன்று வினாடி இருக்கும். அப்புறம் அக்காவின் தம்பி ஓடி வந்து எட்டிப் பார்த்தான், போச்சு.

நம் பள்ளியில் இதை எல்லோருக்கும் செய்துகாட்ட சார் வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளையைத் தந்திருக்கிறார், இடம் அறிவியல் அறை. எங்களிடம் இருக்கிற இரண்டில் ஒன்றுக்குப் பேட்டரி நிற்கவில்லை. வீட்டில் தாத்தா வைத்திருந்த பழைய ரேடியோ பரணில் கிடந்தால், ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, வீட்டில் கேட்டுக்கொண்டு எடுத்து வாருங்கள். எண்கள் வரிசையாக மின்னுகிற புது மாடல் ரேடியோ சிலவற்றில் இது வராது, அதனால் முள் நகர்கிற ரேடியோவாகப் பார்த்துக் கொண்டு வாங்க. வாசிப்பவரைச் சுற்றி சாக்பீஸில் ஒரு வட்டம் போட்டு வைப்போம். யாரும் அந்தக் கோட்டைத் தாண்டி வந்து எட்டிப் பார்க்கக் கூடாது, முக்கியமாக ஆறாம் வகுப்பு!